சத்தத்துக்கு எதிராகத் தன்னார்வலர்கள்: கொழும்பில் சட்டம் என்ன சொல்கிறது, முறைப்பாடு எங்கே போக வேண்டும்?

இரவு வேளைச் சத்தத்துக்கு எதிராக ஒழுங்கைவாசிகள் ஒன்றுசேர்ந்து கையெழுத்து வாங்குகிறார்கள், வைத்தியசாலை வாசலில் ஹோர்ன் அடிக்காதீர்கள் என்று பதாகை பிடிக்கிறார்கள், கைத்தொலைபேசியில் சத்தத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். இப்படியான முயற்சிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் உள்ளவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். சத்தத்துக்கெல்லாம் சட்டம் இருக்கிறதா? கைத்தொலைபேசியில் எடுத்த அளவு செல்லுமா? பொலிஸிடம் போவதா, மாநகர சபையிடம் போவதா? கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் பற்றிப் பேசினால் அது மதப் பிரச்சினையாகிவிடாதா?

சட்டம் இருக்கிறது, அதுவும் பல ஆண்டுகளாக. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு வகைச் சத்தமும் ஒவ்வொரு அலுவலகத்தின் கையில் கிடக்கிறது. ஆகவே "தாங்க முடியவில்லை" என்ற வேதனையை நாள், நேரம், இடம், அளவு கொண்ட ஒரு பதிவாக மாற்றி, சரியான அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தன்னார்வலர்களின் முதல் வேலை. பதாகையும் ஊர்வலமும் அதற்குப் பிறகுதான்.

டெசிபெல்: எண் சிறிது, வேறுபாடு பெரிது

சத்தத்தை டெசிபெல் என்ற அலகில் அளக்கிறோம். இது சாதாரண அளவுகோல் போன்றதல்ல. 60 டெசிபெல் 30 டெசிபெல்லின் இரண்டு மடங்கு என்று நினைத்தால் கணக்கு முழுக்கப் பிழைக்கும்.

1. சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். ஒரு ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் அதேபோல இன்னொன்றைப் போட்டால் 70 என்பது 73 ஆகும், 140 ஆகாது.

2. 10 டெசிபெல் கூடினால் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு உரப்பாகக் கேட்கும். எனவே, சட்ட எல்லையை 10 டெசிபெல் தாண்டியிருக்கும் ஒரு மண்டபம் "கொஞ்சம்தான்" தாண்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

3. ஒற்றை ஒலிபெருக்கி போன்ற ஒரு புள்ளியிலிருந்து வரும் சத்தம், திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபெல் குறையும். வாகனங்கள் வரிசையாகப் போகும் வீதியின் சத்தமோ 3 டெசிபெல்தான் குறையும். காலி வீதியின் இரைச்சல் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளுக்குள் நெடுந்தூரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது சராசரி. சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்த மொத்த ஆற்றலைச் சராசரியாக்கி ஓர் எண்ணாகச் சொல்வார்கள். இதைச் சமமான தொடர் ஒலிமட்டம் எனலாம். இலங்கையின் எல்லைகளும் இந்த முறையில்தான் வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சராசரி எந்த நேரத்துக்கு எடுக்கப்பட்டது என்பதைக் கேட்காமல் எந்த அளவையும் ஏற்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 டெசிபெல் அமைதியில் இருக்கும் இடத்தில் ஒரு பஸ் 10 விநாடிகள் 90 டெசிபெல் ஹோர்ன் அடிக்கிறது. 15 நிமிடச் சராசரி எடுத்தால் 70க்கு மேல் காட்டும். ஒரு மணி நேரத்துக்கு எடுத்தால் ஏறத்தாழ 65. பன்னிரண்டு மணி நேரத்துக்கு எடுத்தால் 55. தொட்டிலில் திடுக்கிட்டு விழித்த குழந்தைக்கு மூன்றும் ஒன்றுதான். காகிதத்தில் மட்டும் ஒன்று குற்றம், மற்றொன்று அனுமதிக்கப்பட்ட அளவு.

உடம்புக்கு என்ன செய்கிறது?

"பழகிவிட்டது" என்று கொழும்புக்காரர் சொல்வது வழக்கம். காது பழகலாம், உடம்பு பழகுவதில்லை. தூக்கத்தில் வரும் சத்தத்துக்கு, நாம் விழிக்காவிட்டாலும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, மன அழுத்தச் சுரப்புகள் கூடுகின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இதய நோய்க்கான ஆபத்து அதிகரிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுதோறும் குறைந்தது 10 இலட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுகின்றன. 1999இல் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், இரவில் படுக்கையறைக்குள் 30 டெசிபெல்லும் வகுப்பறைக்குள் 35 டெசிபெல்லும் போதும் என்கிறது.

செவிப்புலனுக்கு வேறு கணக்கு. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான உச்ச எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், அதாவது 88 என்றால் நான்கு மணி நேரம். வீட்டில் இருப்பவர்களைவிட பஸ் நடத்துநர், புறக்கோட்டை நடைபாதை வியாபாரி, சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஆகியோருக்குத்தான் இது பெரிய ஆபத்து. சத்தத்துக்கு எதிரான இயக்கம் தொடர்மாடிவாசிகளின் சொகுசுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. நியூயோர்க்கில் உயரப் பாலத்து ரயில் பாதைக்கு அருகே இருந்த ஒரு பாடசாலையை ஆர்லின் பிரோன்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1975இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம். ஆனால் ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்தார்கள். பின்னர் தண்டவாளத்துக்கு ரப்பர் அணைகளும் வகுப்பறைக்கு ஒலியுறிஞ்சும் கூரைப் பலகைகளும் போடப்பட்டன. அந்த இடைவெளி மறைந்தது. காலி வீதியை ஒட்டியும் கடற்கரை ரயில் பாதையை ஒட்டியும் எத்தனை பாடசாலைகள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

மூன்று வகை "இரவு"

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அவை பிரதேசங்களைப் பிரித்து எல்லைகளை வகுக்கின்றன. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். கொழும்பு, தெஹிவளை போன்ற மாநகர சபைப் பகுதிகளிலும் நகர சபைப் பகுதிகளிலும் பகலில் 63, இரவில் 50. கைத்தொழில் வலயங்களில் 70, 60. அமைதி வலயங்களில் 50, 45. அமைதி வலயம் என்பது வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம், புனிதப் பகுதி போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர். மிருகக்காட்சிசாலையும் பட்டியலில் உண்டு. தெஹிவளை மிருகங்களுக்கும் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சட்டம் ஒரே அமைதியைத்தான் வாக்களிக்கிறது.

குழப்பம் தொடங்குவது "இரவு" எப்போது என்பதில்.

1. பொதுவான எல்லைகளுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை இரவு.

2. கட்டட நிர்மாண வேலைக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரைதான் இரவு. பகலில் 75 டெசிபெல் வரை அனுமதி, இரவில் 50.

3. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. இது கீழே சொல்லப்போகும் தீர்ப்பிலிருந்து வந்தது.

ஆகவே, பக்கத்துக் காணியில் இரவு எட்டு மணிக்கு கொங்கிறீட் கலவை இயந்திரம் ஓடுகிறதென்றால், "இரவில் வேலை செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதும் முறைப்பாடு நிற்காது. 75க்கு மேல் போகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அதே எட்டு மணிக்கு அந்தக் காணியில் உள்ள தொழிற்கூடம் ஒன்றின் இயந்திரம் ஓடினால், அதற்கு எல்லை 50.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். முதலாவது, சத்தம் அளக்கப்படுவது முறைப்பாட்டாளரின் படுக்கையறையில் அல்ல, சத்தம் எழும் காணியின் எல்லையில். இரண்டாவது, சுற்றுப்புறத்தின் பின்னணிச் சத்தமே எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பின்னணிக்கு மேல் சில டெசிபெல் சேர்த்தே புதிய எல்லை கணிக்கப்படும். காலி வீதிக்கு அருகில் உள்ளவர்களுக்கு இது வருத்தமான விதி. ஏற்கெனவே இரைச்சலில் வாழ்பவர்களுக்குப் பாதுகாப்பு குறைகிறது. விதி திருத்தப்பட வேண்டும் என்று தன்னார்வலர்கள் குரல் கொடுப்பதானால், முதலில் இந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு

வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு அது. வழக்கு ஒரு மதத்தாரிடமிருந்து வந்தாலும் கட்டளை எல்லோருக்கும் பொதுவானது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் வழங்கப்படும் ஒலிபெருக்கி அனுமதி இரவு 10 முதல் காலை 6 வரையான நேரத்துக்கு வழங்கப்படக் கூடாது. மற்ற நேரங்களிலும் சத்தம் அந்த வளாகத்தைத் தாண்டிப் போகக் கூடாது. விசேட நிகழ்வுகளுக்கு விலக்கு வேண்டுமானால், சுற்றியுள்ள குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்ட பிறகே பரிசீலிக்க வேண்டும்.

வழிபடும் சுதந்திரம் வேறு, அந்த வழிபாட்டை ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கவைப்பது வேறு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எந்தச் சத்தத்துக்கு எந்த வாசல்?

1. மண்டபம், திருவிழா, கூட்டம், பக்கத்து வீட்டு விருந்து ஆகியவற்றின் ஒலிபெருக்கி: அப்பகுதிப் பொலிஸ் நிலையம். நேரத்திலேயே நிறுத்த வேண்டுமென்றால் 119.

2. தொழிற்கூடம், பட்டறை, குளிரூட்டி இயந்திரம், வர்த்தக நிலைய ஜெனரேட்டர்: மத்திய சுற்றாடல் அதிகாரசபை. குறிப்பிட்ட வகைத் தொழில்களுக்கு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். உரிமம் புதுப்பிக்கப்படும் நேரத்தில் முறைப்பாடு கோவையில் இருந்தால் அதற்குக் கனம் அதிகம்.

3. கட்டட வேலை: மாநகர சபையும் சுற்றாடல் அதிகாரசபையும். கட்டட அனுமதியின் நிபந்தனைகளைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.

4. நம்முடைய தொடர்மாடியின் சொந்த ஜெனரேட்டர், நீர்ப்பம்பி: கட்டடத்தின் முகாமைத்துவக் குழு. 2022இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் அவசரமாக வாங்கிப் பூட்டிய ஜெனரேட்டர்கள் சில, மறைப்பும் இல்லாமல் சைலன்ஸரும் சரியில்லாமல் அப்படியே நிற்கின்றன. மறைப்புக் கூண்டும் அதிர்வு தாங்கும் ரப்பரும் போட்டால் பெருமளவு குறையும்.

5. அயலவர் தகராறு: மத்தியஸ்த சபை. வழக்குக்குப் போனால் உறவு முறியும் என்ற இடத்தில் இது சிறந்த வழி.

6. எதுவும் பலிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதவானுக்குத் தருகிறது. "பொது" என்ற சொல் இங்கே முக்கியம். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போவதற்கும் ஒழுங்கையில் உள்ள பலர் சேர்ந்து போவதற்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

பதிவேடு: தன்னார்வலரின் ஆயுதம்

சத்தத்தை எண்ணியே சட்டத்தை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற பெண்மணி ஹட்சன் ஆற்றுப் படகுகளின் ஊதல்களால் அவதிப்பட்டார். பல்கலைக்கழக மாணவர்களை அமர்த்தி எண்ணச் சொன்னார். ஒரே இரவில் ஏறத்தாழ 3,000 ஊதல்கள். ஆற்றோரத்து வைத்தியசாலைகளின் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டு 1906இல் தேவையற்ற சத்தத்தை ஒழிக்கும் சங்கம் ஒன்றை அமைத்தார். 1907இல் சட்டம் வந்தது. அவரிடம் அளவுமானி எதுவும் இருக்கவில்லை. அண்மைக்காலத்தில் மும்பையில் ஆவாஸ் அறக்கட்டளை, திருவிழாக் காலங்களில் இடம் இடமாகப் போய் டெசிபெல் அளந்து, அந்தப் பட்டியலை அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திடமும் கொடுக்கிறது.

கைத்தொலைபேசிச் செயலிக்கு வருவோம். அது தரப்படுத்தப்பட்ட ஒலிமானி அல்ல. ஒலிவாங்கி மலிவானது, அளவு சரிபார்க்கப்படாதது, கைக்குக் கை வேறுபடும். எனவே நீதிமன்றத்தில் அது சான்றாக நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்படியென்றால் அது வீண்தானா? இல்லை. அதிகாரசபை அதிகாரி எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த மதிலோரத்தில் அளவுமானியோடு வந்து நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல அது போதும். அதிகாரி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து "ஒன்றும் இல்லையே" என்று எழுதிவிட்டுப் போவதால்தான் பல முறைப்பாடுகள் செத்துப்போகின்றன.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி இது: "வெள்ளிக்கிழமை, இரவு 10.20 முதல் 11.35 வரை. மண்டபத்தின் தெற்கு மதில், கதவு திறந்திருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு. செயலியில் 15 நிமிடச் சராசரி 68. பாட்டு நின்ற பிறகு அதே இடத்தில் 52. மழை இல்லை. 10.40க்கு 119க்கு அழைத்தோம்." இதில் மிகப் பெறுமதியானது 52 என்ற இரண்டாவது எண். ஒரே தொலைபேசியில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசம், தனி அளவைவிட நம்பகமானது. கருவியின் பிழை இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். "பயங்கரச் சத்தம்", "சகிக்க முடியவில்லை" என்ற சொற்களைப் பதிவேட்டில் எழுதக் கூடாது. அவற்றைக் கூட்டத்தில் பேசலாம்.

மதமும் இனமும் குறுக்கிடும் இடம்

கொழும்பில் சத்தம் பற்றிப் பேசத் தமிழர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. பொலிஸ் நிலையம் என்றாலே பயம் சுமந்த நினைவுகள் பலருக்கு. மற்றொரு மதத்தாரின் பிரித் ஓதலையோ பாங்கையோ பற்றி முறையிட்டால், முறைப்பாடு காது கேட்டதைப் பற்றியதாக இருக்காது, யார் சொன்னார் என்பதைப் பற்றியதாக மாறிவிடும். நியாயமான பயம்தான்.

இதற்கு ஒரே விடை, சொந்த வீட்டிலிருந்து தொடங்குவது. இந்துக்கள் தங்கள் கோயிலின் அதிகாலைப் பக்திப் பாட்டைப் பற்றியும், கத்தோலிக்கர் தங்கள் திருவிழா ஒலிபெருக்கியைப் பற்றியும், முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசலைப் பற்றியும், பௌத்தர் தங்கள் விகாரையையும் வெசாக் பந்தலையும் பற்றியும் தங்கள் நிர்வாகத்தோடு பேச வேண்டும். ஆடிவேல் ரதம் வரும்போது நாதஸ்வரம் கேட்கத்தான் வேண்டும். அது ஆண்டில் சில நாள். பிரச்சினை தினசரி அதிகாலை ஐந்து மணிக்கு.

தீர்வு பெரும்பாலும் பொறியியல் சம்பந்தமானது, பக்தி சம்பந்தமானதல்ல. கோபுரத்தில் கட்டிய ஒற்றைக் குழாய் ஒலிபெருக்கி 40 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு 75 டெசிபெல்லில் கேட்க வேண்டுமென்றால், ஒரு மீற்றரில் அது 107 டெசிபெல் எழுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக மண்டபத்துக்குள், ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து மீற்றருக்குள் கேட்பதற்கு, உள்நோக்கித் திருப்பிய சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளைப் பொருத்தினால் ஒவ்வொன்றும் 89 டெசிபெல் எழுப்பினால் போதும். 18 டெசிபெல் குறைகிறது. அடியார்களுக்கு மந்திரம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும், எதிரொலியும் குறையும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தர்மகர்த்தா சபையிடம் கொடுத்தால், "கோயிலுக்கு எதிரானவர்கள்" என்ற பேச்சு எழ இடமிருக்காது. ஒரு கோயில் இதைச் செய்துவிட்டால், அடுத்த தெருவில் மற்றவர்களிடம் பேசும் தகுதியும் வந்துவிடும்.

வீதிச் சத்தம்: இங்கே ஒழுங்கைச் சங்கம் போதாது

ஹோர்னுக்கும் பஸ்ஸுக்கும் காணி எல்லை கிடையாது. 2011இல் வாகன ஹோர்ன்களுக்கென்று தனி ஒழுங்குவிதிகள் வந்தன. ஆனால் ஓடும் வாகனத்தை நிறுத்தி அளப்பது பொலிஸாரால்தான் முடியும், அதற்கு ஆளும் கருவியும் வேண்டும். பஸ்ஸுக்குள் அலறும் பாட்டைப் பற்றித் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு முறையிடலாம். பஸ் இலக்கம், வழி இலக்கம், நேரம் மூன்றும் இருந்தால்தான் பயன். தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஆட்களைப் பிடிக்கும் முறை இருக்கும்வரை ஹோர்ன் ஓயாது. ஓட்டுநரின் குணம் பற்றிய பிரச்சினையாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. சந்தி சந்தியாகப் பதாகை பிடிப்பதைவிட, வைத்தியசாலைகளின் 100 மீற்றர் வலயங்களில் மட்டும் தொடங்கச் சொல்லிக் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. எல்லை தெளிவு, மறுப்பார் இல்லை.

முறைப்பாடு கொடுத்த பிறகு

சிங்களம் எழுதத் தெரியாது என்று பலர் முறைப்பாட்டையே கைவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள கொழும்பிலும் அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், பொலிஸ் நிலையமானால் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "நடவடிக்கை எடுங்கள்" என்று அதில் கேட்க முடியாது, ஆவணத்தைக் கேட்கலாம். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் அளந்தீர்கள், அளவு என்ன, அறிக்கையின் பிரதி எங்கே, அந்த நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன என்று கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைத் தர வேண்டும். அளக்கவே இல்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதமும் உங்கள் பதிவேட்டில் சேர்கிறது, 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன் போகும் நாளில் அதுவும் கோவையில் இருக்கும்.